கோவலனுக்கும் ஒரு சேரி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து எழுதுகிறீர்கள் என்பது மட்டும் எனக்குப் போதும். வேலை முடிந்து வந்து, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு போனில் சீன நாவல்களின் மொழிபெயர்ப்புகளை வாசிப்பதாகச் சொல்கிறீர்கள். அதிலும் அரண்மனைச் சதி, போர், பழி என்று இருண்டு கிடக்கிற சரித்திரக் காதல் கதைகளைத்தான் தேடி எடுக்கிறீர்கள். கடைசியில் ஒரு கேள்வி வைத்திருக்கிறீர்கள்: "அவன் கொலைகாரன் என்று தெரிந்தும் என்னால் அவனை வெறுக்க முடியவில்லை. எனக்குள் ஏதும் பிழை இருக்கிறதா?"

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கதைதானே, விட்டுத்தள்ளுங்கள் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அப்படிச் சொன்னால் உங்கள் கேள்வியையும் கதையையும் ஒன்றாகச் சிறுமைப்படுத்தியதாகிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே கதைக்கிறேன்.

நீங்கள் இரண்டு தரம் வாசித்ததாகச் சொன்ன 'குட்பை மை பிரின்சஸ்' கதையையே எடுப்போம். ஃபெய் வோ ஸு ஸுன் என்ற புனைபெயரில் எழுதும் பெண் எழுத்தாளரின் நாவல் அது. 2019இல் தொலைக்காட்சித் தொடராக வந்து சீனாவுக்கு வெளியிலும் பரவியது. மேற்குப் பாலைநிலத்து இளவரசி சியாவ்ஃபெங். அவளிடம் தேயிலை வியாபாரி வேடத்தில் வருகிறான் இளவரசன் லி செங்யின். அவள் அவனை நம்புகிறாள், விரும்புகிறாள். அவனோ அவள் வழியாகவே அவளுடைய பாட்டனாரின் இனக்குழு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துப் படையை வரவழைத்து அழிக்கிறான். உண்மை தெரிந்ததும் அவள் எல்லாவற்றையும் மறக்கடிக்கும் ஆற்றில் குதிக்கிறாள். அவனும் பின்னாலேயே குதிக்கிறான். இருவருக்கும் எல்லாம் மறந்துபோகிறது. பிறகு அரசியல் ஏற்பாடாக அவள் அவனுக்கே மனைவியாகி அவன் அரண்மனைக்கு வந்து சேருகிறாள்.

உங்களைப் பிடித்து வைத்திருப்பது அந்த இரண்டாவது குதிப்புத்தான் என்று நினைக்கிறேன். அவன் குதித்திருக்கவே தேவையில்லை. வந்த காரியம் முடிந்துவிட்டது, வெற்றி கையில் இருக்கிறது, திரும்பிப் போயிருக்கலாம். குதித்தான் என்றால் நேசம் உண்மை. உண்மையான நேசம் உள்ளவன் அதற்கு முதல் அப்படி ஒரு காரியம் செய்ய முடியுமா? முடியும் என்கிறார் எழுத்தாளர். ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க அவர் விடுவதில்லை. நினைவு திரும்பிய பிறகு சியாவ்ஃபெங்கை அவனோடு சமாதானமாக வாழவும் விடுவதில்லை. அவள் உயிரை விடுகிறாள், அவன் அரியணையோடு மிஞ்சுகிறான்.

சீனர்களுக்கு இது நேற்று வந்த பழக்கமில்லை. எட்டாம் நூற்றாண்டில் தாங் பேரரசர் சுவான்சோங், தன் சொந்த மகனின் மனைவியாக இருந்த யாங் யூஹுவானைத் தன்னிடம் எடுத்துக்கொண்டார். 755இல் தளபதி ஆன் லூஷானின் கலகம் வெடித்தது. 756இல் தலைநகரை விட்டு ஓடும் வழியில், மாவெய் என்ற தங்குமிடத்தில் காவற்படை நகர மறுத்தது. நாடு கெட்டது யாங் குடும்பத்தால் என்றார்கள் படைவீரர்கள். பேரரசரின் சம்மதத்தோடு அவள் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டாள். ஐம்பது ஆண்டு கழித்து, 806இல், பாய் ஜூயி என்ற கவிஞர் இதையே நெடுங்கவிதை ஆக்கினார். அதில் பேரரசர் அவளை நினைத்து அழுதுகொண்டே இருக்கிறார். அவளைச் சாகக் கொடுத்ததும் அழுவதும் ஒரே மனிதன். நீங்கள் இரவில் வாசிக்கும் நாவல்களின் நாயகர்கள் எல்லோரும் ஒருவகையில் அவருடைய பிள்ளைகள்.

இனி நம்முடைய பக்கம் வருவோம். நீங்கள் கேட்ட கேள்வியை வைகாசியில் கண்ணகி கோயில் முற்றத்தில் இருந்து கேட்டுப் பாருங்கள்.

கோவலன் யார்? கட்டிய மனைவியை விட்டுவிட்டு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னுக்கு மாதவியின் மாலையை வாங்கியவன். குலச்சொத்து முழுவதையும் தொலைத்தவன். ஒரு பாட்டைப் பிழையாக விளங்கிக்கொண்டு மாதவியையும் உதறியவன். சிலப்பதிகாரம் அதோடு அவனை விடுவதில்லை. அவன் சாவதற்குச் சற்று முன்னே, அடைக்கலக் காதையில், மாடலன் என்ற அந்தணன் வாயால் அவன் செய்த நல்ல காரியங்களைச் சொல்ல வைக்கிறது. மதம்பிடித்த யானையின் பிடியிலிருந்து ஒரு முதியவரைக் காப்பாற்றிய வீரம், கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்குப் பொருள் கொடுத்துக் குடும்பத்தைச் சேர்த்து வைத்த ஈரம், எல்லாம் அங்கேதான் வருகின்றன. அந்த நல்லவற்றை முதற் காதையிலேயே சொல்லியிருந்தால் அவன்மேல் நமக்கு ஒரு சலுகை வந்திருக்கும். சொல்லாமலே விட்டிருந்தால் அவன் வெட்டுப்படும்போது நமக்கு நொந்திருக்காது. எந்த இடத்தில் வைக்க வேண்டுமோ அந்த இடத்தில் வைத்திருக்கிறார் இளங்கோ. அவனைப் பிழைகாரன் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே நாம் அழ வேண்டியிருக்கிறது.

கண்ணகி மட்டும் என்ன, வெள்ளையா? ஒரு அரசனின் பிழைக்கு ஒரு நகரத்தை எரித்தவள். முதியவர், குழந்தைகள், பசுக்கள், பத்தினிப் பெண்கள் போன்றோரை விட்டுவிடு என்று தீக்கு அவள் சொன்னது உண்மைதான். மற்றவர்கள்? மதுரையில் அன்று அடுப்பில் சோறு வைத்துக்கொண்டிருந்த மற்றவர்கள்? உரைபெறு கட்டுரையில் இன்னும் பயங்கரமான ஒரு செய்தி இருக்கிறது. மழை பொய்த்து, வறுமையும் நோயும் வந்தபோது, கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகியைச் சாந்தப்படுத்த ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்று பலியிட்டான். களவு செய்த பொற்கொல்லன் ஒருவன், செத்தது ஆயிரம் பேர். அதே கட்டுரையில்தான் இலங்கை அரசன் கயவாகு கண்ணகிக்குக் கோயில் எடுத்த செய்தியும் வருகிறது. நம்முடைய வழிபாட்டின் வேர் அந்தப் பலிக் கதைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது என்பதை நான் மறப்பதில்லை.

ஆனால் இலங்கையின் கிழக்குக் கரைக்கு வந்த பிறகு அந்த வழிபாடு என்ன உருவம் எடுத்தது பாருங்கள். காரைதீவு, தம்பிலுவில், பட்டிமேடு, மகிழூர், செட்டிபாளையம் என்று கரை நெடுகக் கண்ணகி கோயில்கள். பலவற்றில் ஆண்டுக்கு ஒரு தரம், வைகாசியில் சில நாட்களுக்குத்தான் கதவு திறக்கும். கச்சான் காற்று வீசி, வயலும் உடம்பும் காய்ந்து கிடக்கிற காலம். கதவு திறந்து, கலியாணக்கால் நட்டு, இரவிரவாகக் கண்ணகி வழக்குரை பாடுவார்கள். ஏட்டில் இருந்த அந்தப் பாடலைப் பண்டிதர் வி.சீ. கந்தையா 1968இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். சிலப்பதிகாரத்தில் இல்லாத பல காரியம் அதில் உண்டு. கண்ணகி மாங்கனியிலிருந்து பிறக்கிறாள். மதுரைக்கு ஆகாதவள் என்று பேழையில் வைத்து நீரில் விடப்படுகிறாள். ஆகவே மதுரைக்கு அவள் திரும்பி வருவது, தன்னைத் தூக்கி எறிந்த இடத்துக்கே திரும்பி வருவது. நீங்கள் வாசிக்கும் எந்தச் சீன நாவலுக்கும் குறையாத இருட்டு.

கதவு அடைக்க முன் கடைசியாக வருவது குளிர்த்தி. மதுரையை எரித்த சூட்டோடு வந்தவளை ஆயர் பெண்கள் ஆறச் செய்தார்கள் என்பது இங்கே பாடப்படும் கதை. அதைச் சனங்கள் ஆண்டுதோறும் திரும்பச் செய்கிறார்கள். குளிர்த்திப் பாட்டு ஏற ஏற, வேப்பிலையும் தண்ணீரும். முற்றம் நிறையச் சனம் நிற்கும், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் தாய்மாரும் இருப்பார்கள். தெளிக்கும் தண்ணீர் தங்கள் மேலும் படட்டும் என்று எட்டி நிற்பார்கள். கொற்கையில் ஆயிரம் உயிரைக் கொண்டு தீர்க்கப் பார்த்த கோபத்தை இங்கே பாட்டாலும் தண்ணீராலும் ஆற்றுகிறார்கள். "அம்மா, நீ எரித்தது பிழை" என்று அங்கே எவரும் சொல்வதில்லை. "எரித்தது நன்று" என்றும் சொல்வதில்லை. எரித்தாள், அதற்குக் காரணம் இருந்தது, அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை, ஆற்ற வேண்டியது நம்முடைய பொறுப்பு. அவ்வளவுதான் அங்கே நடப்பது. தீர்ப்பு எழுதாமல் ஒரு மனுசியோடு இரவு முழுவதும் விழித்திருக்கப் பழக்குகிறது அந்தச் சடங்கு.

கொம்புமுறியையும் சொல்லாமல் விட முடியாது. இப்போது அருகிவிட்டது, உங்கள் வீட்டில் மூத்த ஆக்களிடம் கேட்டால் தெரிந்திருக்கும். கோவலனும் கண்ணகியும் பூப்பறிக்கப் போன இடத்தில் இருவர் கையிலும் இருந்த கொக்கத்தடிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன, விட்டுக்கொடுக்காமல் இழுத்தார்கள் என்பது கதை. அதை வைத்து ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். ஒரு சேரி கோவலனுக்கு, ஒரு சேரி கண்ணகிக்கு. வளைந்த வைரமான கொம்புகள் இரண்டைக் கொளுவி, வடம் கட்டி, ஒன்று முறியும் வரை இழுப்பார்கள். முறிந்த கொம்புக்காரர் வசை கேட்க வேண்டும், முறியாத கொம்பு ஊர்வலம் போகும். நாட்டுக்கு மழையும் சுகமும் வர வேண்டும் என்றுதான் இத்தனையும்.

எனக்கு இதில் பிடித்தது, கோவலனுக்கும் ஒரு சேரி வைத்தார்களே, அதுதான். கண்ணகியைத் தெய்வமாகக் கும்பிடுகிற ஊர் அது. அவளை ஏமாற்றியவன் பக்கம் நிற்கவும் அந்த ஊரில் பாதிப்பேர் வேண்டும். அவர்கள் வெட்கப்பட்டு நிற்பதில்லை, முழுப் பலத்தோடு இழுப்பார்கள். அதற்காக அவர்கள் கோவலன் செய்ததைச் சரி என்று சொன்னதாக யாரும் எடுப்பதில்லை. நீங்கள் லி செங்யினை வெறுக்க முடியாமல் இருப்பது கோவலன் சேரியில் நிற்பது. நிற்கலாம். எதிரே மற்றச் சேரியும் வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இனி என் மனதில் கனமாக இருக்கிற விஷயம். நீங்கள் இருக்கும் பக்கத்தில் இந்தக் கதைகளை வாசிப்பதும், எங்கோ போரைக் கண்டறியாத நகரத்தில் இருந்து வாசிப்பதும் ஒன்றாகாது. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் நடந்த படுகொலையும், 1991 ஜூனில் மகிழடித்தீவில் நடந்த படுகொலையும் உங்கள் வீட்டுப் பேச்சில் இல்லாமல் இருக்காது. படை வந்து ஒரு ஊரை முடித்துவிட்டுப் போவது அங்கே கதையில் வரும் திருப்பம் மட்டும் ஆகாது. அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, ஒரு இனக்குழுவையே அழித்தவனுக்காக அழுகிறேன் என்று எழுதும்போது அதைத் தள்ளிவிட என்னால் முடியாது. நீங்களும் அதனால்தான் கேட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே நான் இந்தக் கதைகளை வாசிக்கும்போது பார்ப்பது ஒன்றைத்தான். நாயகன் நல்லவனா கெட்டவனா என்று பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். செத்தவர்களைக் கதை ஞாபகம் வைத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். சியாவ்ஃபெங்கின் பாட்டனார் கடைசி அத்தியாயம் வரை அந்தக் கதையில் இருக்கிறார். அவருடைய சாவுதான் அவளை முடிக்கிறது. அதனால் அது நல்ல கதை, நீங்கள் அழுததும் சரியான அழுகை. ஆனால் இதே வகையில் வேறு கதைகளும் நிறைய வருகின்றன. முதல் அத்தியாயத்தில் நாயகன் ஒரு நகரத்தை எரிப்பான், பத்தாம் அத்தியாயத்தில் நாயகியின் காயத்துக்கு மருந்து கட்டுவான், அதோடு நகரத்தின் பேச்சே இருக்காது. எரிந்தவர்கள் அவனுடைய கொடுமைக்கு அழகு சேர்க்க வந்து போனவர்கள் ஆகிவிடுகிறார்கள். இன்னும் சிலவற்றில் அவன் அவளைக் கடத்துகிறான், அறையில் பூட்டுகிறான், அவள் மறுப்பை மறுப்பாகவே எடுப்பதில்லை. அவளுக்குக் கோபம் வரும் இடத்தில் எல்லாம் எழுத்தாளர் அவளுக்கு வெட்கத்தை வரவைக்கிறார். அங்கே ஒரு சேரிதான் இருக்கிறது. மற்றப் பக்கத்து வடத்தைப் பிடிக்க ஆள் இல்லை. அப்படிப்பட்டதை நான் பாதியில் மூடி வைத்துவிடுவேன், நீங்களும் தயங்காமல் மூடுங்கள்.

அரண்மனைக் கதைகள் நம்முடைய பக்கத்துப் பெண்களை ஏன் இப்படிப் பிடிக்கின்றன என்பதற்கு எனக்கு இன்னொரு எண்ணமும் உண்டு. மட்டக்களப்பில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். வீடு வளவு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும், குடி தாய்வழியில் வரும். கணவனோடு பிணக்கு வந்தால் நிற்பது தன் வளவில், நாலு எட்டில் தாயும் தங்கச்சியும் இருப்பார்கள். சீன அரண்மனைக் கதையில் பெண் உள்ளே போனதும் பின்னால் கதவு அடைபடும். அவளுடைய ஊர் முடிந்தது, மொழி முடிந்தது, இனி உயிர் வாழ்வதே அவனுடைய முகத்தைப் பார்த்துத்தான். நம்முடைய வாசகிக்கு அது தெரியாத பயம், தெரியாததாலேயே இழுக்கிறது. வெளிநாட்டுக்குக் கலியாணம் முடித்துப் போன நம்முடைய பெண்கள் சிலருக்கு அது தெரிந்த பயம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நல்லதும் கெட்டதும் ஒருவனிலேயே கலந்திருக்கிற இந்தச் சாம்பல் நிறத்துக்கு நம்முடைய கூத்துக்காரரும் பழக்கப்பட்டவர்கள்தான். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் வடமோடிக் கூத்தை எடுத்து 'இராவணேசன்' செய்தபோது, இராவணனாக ஆடியவர் அமிர்தகழியில் பிறந்த சி. மௌனகுரு. பிற்காலத்தில் அவரே அதை மட்டக்களப்பில் புதிதாக வளர்த்து மேடையேற்றினார். பிறன் மனைவியைத் தூக்கி வந்தவன் அவன் என்பதை அந்தக் கூத்து மறைக்கவில்லை. தம்பியையும் மகனையும் ஒவ்வொருவராக இழந்து, பிழை தன்னுடையது என்று தெரிந்தும் திரும்ப முடியாமல் போர்க்களத்துக்குப் போகிறவனின் ஆட்டத்தை அது காட்டியது. மத்தளம் உச்சத்துக்குப் போகும்போது அவன் காலில் இருக்கும் வேகத்தைப் பார்த்தால் அவன் தோற்கக் கூடாது என்று உள்ளுக்குள் ஒன்று கேட்கும். கூடவே மண்டோதரியின் பேச்சும் காதில் விழுந்துகொண்டிருக்கும்.

கடிதத்தின் முடிவில், நானும் இப்படி ஒன்று எழுதிப் பார்க்க ஆசை, ஆனால் சீன அரண்மனை எனக்கு எங்கே தெரியும் என்று கேட்டிருந்தீர்கள். சீனா வரை போக வேண்டியதில்லை. ஆடகசவுந்தரியை எழுதுங்கள். எவ்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' கிடைத்தால் வாசியுங்கள், 'கோணேசர் கல்வெட்டி'லும் அவள் வருகிறாள். கலிங்கத்தில் பிறந்து, பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டு, கரை சேர்ந்து, உன்னாசகிரியில் அரசியானவள். கண்ணகியைப் போலவே அவளும் தண்ணீரில் தள்ளப்பட்ட பிள்ளை. சோழ நாட்டிலிருந்து வந்த குளக்கோட்டன் திருகோணமலையில் கோயில் கட்டுகிறான் என்று கேள்விப்பட்டு, அவனை விரட்ட அமைச்சனைப் படையோடு அனுப்புகிறாள். விரட்டப் போன காரியம் கலியாணத்தில் முடிகிறது. கந்தளாய்க் குளத்தையும் அந்தக் கலியாணத்தோடு சேர்த்துத்தான் சனங்கள் சொல்வார்கள்.

பழைய நூல்கள் இதை விரைவாகக் கடந்துவிடுகின்றன. படை அனுப்பியவள் எப்படி மணப்பெண் ஆனாள்? அந்த அமைச்சன் திரும்பி வந்து அவளிடம் என்ன சொன்னான்? தன் நாட்டில் கேளாமல் கல் நட்டவனை அவள் விரும்பினாளா, அளந்து பார்த்து ஒப்பந்தம் செய்தாளா, இரண்டுமா? கோயிலுக்கும் குளத்துக்கும் மண் சுமந்தவர்கள் யார், அவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? கந்தளாய்க் கட்டு 1986 ஏப்ரலில் உடைந்து ஊர்களை அள்ளிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீரின் பாரம் எப்படிப்பட்டது என்று அவர்களிடம் கேட்டுவிட்டுக் குளக்கோட்டனை எழுதத் தொடங்குங்கள். அவனை நல்லவனாக்க வேண்டாம். ஆடகசவுந்தரியையும் அப்படியே. மண் சுமந்தவர்களில் ஒருத்திக்காவது கதையில் ஒரு பெயர் வையுங்கள், கடைசி அத்தியாயம் வரை அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

முதல் அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். கையால் எழுதியது என்றாலும் காரியமில்லை, நான் வாசிப்பேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா